எண்பது ரூபாய் எதை வாங்கியது?

சிறுதொழில் குறித்த கருத்தரங்குகளில் தவறாமல் எடுத்தாளப்படும் கதை ஒன்று உண்டு. 1959 மார்ச் 15 அன்று பம்பாயின் கிர்காம் பகுதியில், ஒரு குடியிருப்பின் மொட்டைமாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடி அப்பளம் இட்டனர். முதலீடு, கடனாகப் பெற்ற 80 ரூபாய். அம்முயற்சியே பின்னாளில் லிஜ்ஜத் என்ற பெயரால் நாடறிந்த கூட்டுறவு நிறுவனமாக வளர்ந்தது. ‘எண்பது ரூபாயில் அவர்களால் முடிந்ததென்றால் உங்களால் ஏன் முடியாது?’ என்ற வினாவோடு கதை முடியும். இவ்வினா நியாயமானதா என்று அறிய, அந்த 80 ரூபாய் எதை வாங்கியது, எதை வாங்கவில்லை என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

கடன் கொடுத்தவர் சகன்லால் கரம்சி பாரேக் என்னும் சமூக ஊழியர். நட்டத்தில் நடந்த ஓர் அப்பளத் தொழிலை ஏற்றுக்கொள்ளவும், மாவு முதலிய பொருள்களை வாங்கவும் அப்பணம் பயன்பட்டது. முதல் நாள் உருவானவை நான்கே பொட்டலங்கள். அவற்றைப் புலேஷ்வரில் அறிமுகமான வணிகர் ஒருவர் பெற்றுக்கொண்டார். இடத்துக்கும் வெயிலுக்கும் மொட்டைமாடி இருந்தது. அப்பளம் இடும் திறன் வீட்டிலேயே கைவந்தது. உழைப்புக்கு முன்பணம் தேவைப்படவில்லை. இவை அனைத்தும் மூலதனமே. கணக்கேட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

முதல் ஆண்டிலேயே சோதனை வந்தது. மழைக்காலத்தில் அப்பளம் உலராது. ஆகவே நான்கு மாதங்கள் தொழில் நின்றது. மறு ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டி உலர்த்தினார்கள். இந்தச் சமயோசிதத்தைப் பலரும் வியந்து எழுதியுள்ளனர். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது முந்தைய நான்கு மாதங்கள். வருவாயே இல்லாத அக்காலத்தை ஒரு புதுத்தொழில் கடந்து வந்ததென்றால், நாள்வட்டியோ கடை வாடகையோ அதன் கழுத்தை நெரிக்கவில்லை என்றும், அப்பெண்களின் வீட்டு அடுப்பு அப்பளத்தை மட்டும் நம்பி எரியவில்லை என்றும் கொள்வதே பொருத்தம்.

இதனால் அவர்களின் சாதனை குறைந்துவிடாது. நட்டம் வந்தாலும் நன்கொடை கேட்பதில்லை என்று அவர்கள் தொடக்கத்திலேயே முடிவு செய்தனர். தரம் குறைந்த அப்பளத்தை மலிவாக விற்கும் வழக்கத்தைப் பாரேக்கின் அறிவுரைப்படி கைவிட்டனர். முறையாகக் கணக்கு வைத்தனர். முதல் ஆண்டு விற்பனை 6,196 ரூபாய். சிறு முதலை இத்தகைய கட்டுப்பாடு காத்தது. ஆயினும் அக்கட்டுப்பாடு வேரூன்றுவதற்குக் கால அவகாசம் வேண்டியிருந்தது. அந்த அவகாசம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அதே காலகட்டத்து அகமதாபாத் இதற்குச் சான்று. அங்கே காய்கறி விற்ற பெண்கள் காலையில் கடன் வாங்கிச் சரக்கெடுத்து, மாலையில் வட்டியோடு திருப்பித் தந்தனர். தொழிலறிவும் உழைப்பும் அவர்களிடம் குறைவின்றி இருந்தன. ஆனால் ஒரு நாள் மழை பெய்தாலும் கடன் ஏறும். வங்கியோ எழுத்தறியாதவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. 1972இல் இளா பட் தொடங்கிய சேவா அமைப்பைச் சேர்ந்த 4,000 பெண்கள், 1974இல் ஆளுக்கு 10 ரூபாய் பங்கிட்டுத் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கியை நிறுவினர். கையொப்பமிடத் தெரியாதவர்களை அடையாளம் காணக் கணக்குப் புத்தகத்தில் ஒளிப்படம் ஒட்டும் முறை அங்கே நடைமுறைக்கு வந்தது. மொட்டைமாடி தந்த அவகாசத்தை இவர்கள் ஒரு நிறுவனமாகக் கட்டியெழுப்பிப் பெற வேண்டியிருந்தது.

ஆகவே, சிறுசேமிப்பில் தொழில் தொடங்கியோரின் வரலாற்றை ஆராயும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நாள் முதலீடு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். வருவாய் நின்ற மாதங்களில் அவர்களைத் தாங்கியது எது என்று தேடுங்கள். அதற்கு விடை காணாமல், முதலின்றித் தவிக்கும் ஒருவரிடம் எண்பது ரூபாய்க் கதையைச் சொல்வது, அவருடைய வறுமையை அவருடைய குற்றமாக்குவதில் போய் முடியும்.