கல்கத்தா போய்வந்த இரண்டு பேரும் கலெக்டர் ஆபீஸ் ஃபெலோக்களும்

ஃபெலோஷிப் என்றாலே பலருக்கும் ஞாபகம் வருவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் விமான டிக்கெட்டும்தான். விஷயம் அவ்வளவு பெரிதல்ல. மாதாமாதம் ஒரு தொகை கொடுத்து, ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஒரு வேலையை அதன் உள்ளேயிருந்து கற்றுக்கொள்ள விடுவது, அவ்வளவுதான். கல்வித்துறையில் இப்படி இளைஞர்களைக் கொண்டு வந்து உட்கார வைப்பதால் பிரயோஜனம் உண்டா, இல்லை பயோடேட்டாவில் ஒரு வரி கூடுவதோடு சரியா என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் தேட டெல்லிக்குப் போக வேண்டாம். விருதுநகர் மாவட்டத்தின் நூறு வருடக் கதையிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

முதலில் சிவகாசி. மழை இல்லாத கரிசல் பூமி. விவசாயத்தை நம்பிப் பிழைக்க முடியாத ஊர். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு இளைஞர்கள் (பங்காளிகள்) அங்கிருந்து கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்வதற்காக! மாதக்கணக்கில் அங்கே தங்கி, தொழிலை அடி முதல் நுனி வரை பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அப்போது வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரியும் உயர்ந்திருந்ததால் நேரமும் கூடி வந்தது. இன்று சிவகாசி என்றால் உலகத்துக்குத் தெரிந்த தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அந்தப் பயணம்தான். யாரும் அதை ஃபெலோஷிப் என்று சொல்லவில்லை. ஆனால் வெளியே போய்க் கற்று, கற்றதை ஊரில் இறக்கி, இன்னும் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுப்பதுதானே ஃபெலோஷிப்பின் உயிர்? அந்த இரண்டு பேர் கற்றது அவர்களோடு முடிந்து போகவில்லை. அது ஊரின் சொத்தாகிவிட்டது. காமர்ஸ் மாணவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். பேலன்ஸ் ஷீட்டில் எந்தத் தலைப்பிலும் வராத அசெட் இது.

பக்கத்திலேயே விருதுநகர். அப்போது விருதுபட்டி. வியாபாரிகள் ஊர். மூட்டைக்கு இவ்வளவு என்று தாங்களே தங்கள் மேல் போட்டுக்கொண்ட மகமை என்ற வரியில் ஊர்ப் பொதுக்காரியங்கள் நடந்தன. வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். 1885-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை இப்படி வளர்ந்த பள்ளிக்கூடம்தான். அங்கே படித்த ஒரு பையன் ஆறாம் வகுப்போடு நின்று, மாமாவின் கடையில் வேலைக்குப் போனான். பெயர் காமராஜ்.

அந்தக் காமராஜர் 1954-ல் முதலமைச்சர் ஆனதும் நடந்தவை எல்லோருக்கும் தெரியும். குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்ட அரைநாள் படிப்புத் திட்டம் கைவிடப்பட்டது. ஊருக்கு ஊர் பள்ளிகள் திறந்தன. 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பாதிப் பேர் ஒரு பெயரைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்: நெ.து. சுந்தரவடிவேலு. அதே 1954-ல் பொதுக்கல்வி இயக்குநர் பொறுப்புக்கு வந்தவர். கல்வித்துறைக்குள்ளேயே வளர்ந்து, கிராமத்துப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும், வாத்தியார் ஏன் வரமாட்டேன் என்கிறார், பிள்ளை ஏன் பாதியில் நிற்கிறான் என்பதெல்லாம் நேரில் பார்த்துத் தெரிந்தவர். முதலமைச்சர் 'எல்லாப் பிள்ளையும் படிக்கணும்' என்றால், அதைத் திட்டமாகவும் கணக்காகவும் ஆர்டராகவும் மாற்ற ஒரு ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆள் அவர். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் போட்டு, ஊர்மக்களே பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமும் கொடுக்க வைத்தார். விருதுநகர்க்காரருக்கு இது புது விஷயமே இல்லை. மகமையும் பிடி அரிசியும் மாநிலம் முழுக்கப் போன மாதிரிதான்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுந்தரவடிவேலு அந்த நாற்காலியில் சுமார் பத்து வருடம் இருந்தார். கற்றதைச் செய்து பார்க்க, தப்பு வந்தால் திருத்த, திருத்தியதை மறுபடி பார்க்க அவருக்கு நேரம் கிடைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் கல்வித் திட்டமிடல் என்பது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில் என்ற எண்ணம் உலகத்தில் பரவியது. 1962-ல் யுனெஸ்கோ உதவியோடு ஆசிய நாடுகளின் கல்வி அதிகாரிகளுக்குப் பயிற்சி தர டெல்லியில் ஒரு மையம் தொடங்கியது. பின்னால் அது நீபா என்ற தேசிய நிறுவனமாக வளர்ந்தது. 1963-ல் பாரிஸில் யுனெஸ்கோவின் சர்வதேச நிறுவனம் வந்தது. 1964-ல் அமெரிக்காவில் ஜான்சன் காலத்தில் வெள்ளை மாளிகை ஃபெலோஷிப் ஆரம்பித்தது. இளைஞர்களை ஒரு வருடம் அரசாங்கத்தின் உச்சியில் உட்கார வைத்துக் கற்றுக்கொள்ள விடுவது அதன் நோக்கம். இன்றைக்கு இந்தியாவில் இருக்கிற அரசு ஃபெலோஷிப்களுக்கு அதை ஒரு வகையில் பெரியப்பா என்று சொல்லலாம்.

சரி, கல்கத்தாவில் கற்ற தொழில் ஊரை வாழ வைத்தது. எல்லோரையுமா வாழ வைத்தது? இங்கேதான் கதை கசக்கிறது. தீப்பெட்டிக்கு மெஷின் போடாமல் கையாலேயே செய்ததால் நிறையக் கைகள் தேவைப்பட்டன. சின்ன விரல்கள் குச்சி அடுக்கின, பெட்டி ஒட்டின. விடியும் முன்னே கம்பெனி பஸ் கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. காமராஜர் கட்டிய பள்ளிக்கூடம் அதே ஊரில்தான் இருந்தது. பிள்ளை பஸ்ஸில் இருந்தான். அதிலும் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். 1976-ல் தமிழக அரசு ஹர்பன்ஸ் சிங் கமிட்டி போட்டு அறிக்கை வாங்கியது. 1983-ல் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை சிவகாசியை நாடு முழுக்கப் பேச வைத்தது.

1991-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மைரன் வைனர் இந்தியாவின் குழந்தைகளையும் அரசையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சிவகாசிக்கும் அதில் இடம் உண்டு. எல்லோரும் 'வறுமைதான் காரணம்' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் வேறொன்று சொன்னார். அதிகாரிகள், முதலாளிகள், ஆசிரியர்கள், ஏன் சமூக சேவகர்கள்கூட என்ன நினைக்கிறார்கள் என்று பேட்டி எடுத்துப் பார்த்தார். ஏழைப் பிள்ளை வேலை செய்வது இயல்பு, பள்ளிக்கூடம் அவனுக்குப் பெரிதாக எதுவும் தரப்போவதில்லை என்ற எண்ணம் மேலே இருப்பவர்கள் மனதிலேயே இருக்கிறது; கட்டாயக் கல்வி வராததற்கு அதுதான் முக்கியக் காரணம் என்பது அவர் வாதம். இதோடு முழுக்க ஒத்துப்போக வேண்டியதில்லை. சாப்பாடு போட்டதும் பிள்ளைகள் வந்தார்கள் என்பதை எட்டயபுரம் காட்டியிருக்கிறதே! வயிறும் ஒரு காரணம்தான். ஆனால் கல்விக் கொள்கை என்பது காகிதத்தில் மட்டும் இல்லை, அதைக் கையெழுத்துப் போடுகிறவர் மனதில் இருக்கிறது என்று அவர் சொன்னது அசைக்க முடியாத உண்மை. கல்வி ஃபெலோஷிப்புக்கு இதைவிட நல்ல நியாயம் கிடைக்காது. கையெழுத்துப் போடும் இடத்துக்கு வருவதற்கு முன்பே ஒருவர் இரண்டு வருடம் அந்தப் பிள்ளையின் ஊரில் இருந்திருந்தால், 'அது இயல்பு' என்று சொல்ல அவருக்கு வாய் வருமா?

1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்தபோது சிவகாசி அதன் ஆரம்ப இடங்களில் ஒன்று. கலெக்டர் தலைமையில் ஒரு சங்கம், வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, மதிய உணவு, மாதம் ஒரு சிறு உதவித்தொகை, கைத்தொழில். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிவகாசியை வைத்துத் தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு குழந்தைத் தொழிலாளிக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். வீட்டில் ஒரு பெரியவருக்கு வேலை தர வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் போட வேண்டும். அந்தத் தனிப் பள்ளிகளில் பாடம் எடுத்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்கள். பெயருக்கு ஒரு மதிப்பூதியம். பள்ளியை விட்டு வருடக்கணக்கான பிள்ளையை எப்படி மறுபடி உட்கார வைப்பது, எந்த மாதத்தில் பட்டாசு ஆர்டர் வந்து பிள்ளை காணாமல் போவான் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. கல்லூரி எதுவும் சொல்லித்தராத படிப்பு அது. அவர்களை யாரும் ஃபெலோ என்று அழைக்கவில்லை. சர்டிபிகேட்டும் கிடையாது. 2021-ல் அந்தத் திட்டம் சமக்ர சிக்ஷாவோடு இணைக்கப்பட்டுத் தனித் திட்டம் என்ற அளவில் முடிந்தது. முப்பது வருட அனுபவம் அப்படியே கலைந்தது.

இந்த இடத்தில்தான் கோபம் வருகிறது. ஏனென்றால் நம் நாட்டில் ஃபெலோஷிப் அலை எழுந்ததும் இதே காலத்தில்தான். 2008-ல் ராஜஸ்தானில் காந்தி ஃபெலோஷிப் தொடங்கியது. பட்டதாரி இளைஞர்களை இரண்டு வருடம் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களோடு வேலை செய்ய அனுப்பி, பள்ளித் தலைமை என்ற விஷயத்தைக் கையில் எடுத்தார்கள். 2009-ல் டீச் ஃபார் இந்தியாவின் முதல் ஃபெலோக்கள் மும்பை, புனே வகுப்பறைகளுக்குள் போனார்கள். அமெரிக்காவில் 1990-ல் தொடங்கிய டீச் ஃபார் அமெரிக்காவின் வழி அது. இரண்டும் நல்ல முயற்சிகள். ஆனால் சென்னையையும் மும்பையையும் சுற்றிய அளவுக்கு இந்தப் பேச்சு சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் வந்ததில்லை.

பிறகு 2018. பிளஸ் டூ ரிசல்ட்டில் விருதுநகர் மாவட்டம் 97.05 சதவீதத்தோடு மாநிலத்தில் முதலிடம். அது ஒன்றும் அதிசயமில்லை, பல வருடம் அந்த இடம் இந்த மாவட்டத்துக்குப் பட்டா போட்டது மாதிரிதான். வேடிக்கை என்னவென்றால், அதே 2018 ஜனவரியில் மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டது. பின்தங்கியவை என்று நேரடியாகச் சொல்லாமல் கௌரவமாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் இரண்டே மாவட்டம்: ராமநாதபுரம், விருதுநகர். 1985 வரை இரண்டும் ஒரே மாவட்டம்! அந்தப் பட்டியலின் மதிப்பெண்ணில் கல்விக்கு 30 சதவீதம், சுகாதாரம் ஊட்டச்சத்துக்கு 30 சதவீதம்.

தேர்ச்சியில் முதலிடம், வளர்ச்சியில் கடைசி வரிசை. எப்படி இரண்டும் உண்மையாக இருக்க முடியும்? தேர்ச்சி விகிதம் பரீட்சை எழுதியவர்களைத்தான் எண்ணும். ஒன்பதாம் வகுப்பில் நின்றவனை அது எண்ணாது. பாஸ் ஆன பெண் அடுத்த ஜூனில் கல்லூரிக்குப் போனாளா, பட்டாசு ரூமுக்குப் போனாளா என்றும் கேட்காது. இந்தக் கேள்விகளைக் கேட்க ஒரு ஆள் வேண்டும். கலெக்டருக்கு நேரமில்லை. வட்டாரக் கல்வி அலுவலருக்கு அன்றாட ரிப்போர்ட் அனுப்பவே பொழுது சரியாக இருக்கும். தலைமையாசிரியருக்குக் கேட்கும் அதிகாரம் இல்லை. ஃபைல் சுமை இல்லாத, ஆனால் ஃபைலைப் பார்க்க அனுமதி உள்ள ஒருவர்தான் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். ஃபெலோவின் உண்மையான மதிப்பு அதுதான்.

அப்படிப்பட்டவர்கள் வந்தார்களா? வந்தார்கள். மகாத்மா காந்தி தேசிய ஃபெலோஷிப் 2021 அக்டோபரில் நாடு முழுக்க விரிந்தது. 600-க்கும் மேற்பட்ட ஃபெலோக்கள், ஒன்பது ஐ.ஐ.எம்.களின் பாடம், மீதி நேரம் மாவட்ட நிர்வாகத்தோடு வேலை. மாவட்டத் திறன் மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது முக்கியப் பணி. இரண்டு வருடத்தில் அந்த அணியின் காலம் முடிந்தது. தமிழக அரசின் 'முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம்' 2022-24-க்கு 30 பேரைத் தேர்ந்தெடுத்தது. திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் பாடம் சொல்லிக் கொடுத்தது. அரசின் முக்கியத் திட்டங்களைக் களத்தில் போய்ப் பார்த்துச் சொல்வது வேலை. கொரோனாவுக்குப் பின் சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்களோடு இல்லம் தேடிக் கல்வி நடந்துகொண்டிருந்த சமயம் அது. பார்க்க நிறைய இருந்தது.

குறை சொல்ல வேண்டுமானால் இரண்டு உண்டு. ஒன்று, காலம். சுந்தரவடிவேலுவுக்குப் பத்து வருடம், ஃபெலோவுக்கு இரண்டு. ஊர்ப் பெயர்கள் மனப்பாடம் ஆகிறபோது விடைபெறும் விழா. போகும்போது அவர் எழுதிய குறிப்புகளை அடுத்து வருபவர் படித்தாக வேண்டும் என்று ஒரு விதி இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொன்று, யாரை எடுக்கிறார்கள் என்பது. முதலமைச்சர் திட்டத்துக்கு இன்ஜினியரிங், மருத்துவம், சட்டம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற தொழிற்படிப்பில் முதல் வகுப்புப் பட்டம் போதும். கலை, அறிவியல் படித்தவர்கள் என்றால் முதுகலையில் முதல் வகுப்பு வேண்டும். அதாவது சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் பி.காம். முடித்த பட்டாசுத் தொழிலாளியின் மகள் (தன் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பில் நின்றது என்று விரல் விட்டுச் சொல்லக்கூடியவள்) அந்தத் திட்டத்தில் விண்ணப்பமே போட முடியாது. பட்டப்படிப்பு முடித்தவர் யாரானாலும் சரி என்றது மகாத்மா காந்தி ஃபெலோஷிப். அங்கே எதிரே நின்றது ஐ.ஐ.எம். வைத்த நுழைவுத் தேர்வு. அது வேறு மலை. அடுத்த முறை எந்த அரசாவது இப்படி ஒரு அறிவிப்பு வெளியிடும்போது, தகுதி என்ற தலைப்பின் கீழே 'அந்த மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு முன்னுரிமை' என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.