வெங்காயம் வதங்கும் நேரம்

ஜொகூர் பாருவில் என் வாடகை வீட்டு அடுப்பில் மூன்று பெரிய வெங்காயம் முக்கால் மணி நேரமாக வதங்குகிறது. சிறுதீ, கொஞ்சம் உப்பு. நீர் வற்றி, அதிலுள்ள சர்க்கரை பழுப்பேறும். அடிப்பிடித்தால் ஒரு கரண்டித் தண்ணீர். நன்றாக ஆறிய பிறகு, துணியில் கட்டி வடித்த தயிரில் கலக்க வேண்டும். சிப்ஸுக்குத் தொட்டுக்கொள்ள, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இந்தப் பண்டம் பரவியதே அடுப்பில்லாமல்தான். 1952இல் லிப்டன் நிறுவனம் வெங்காய சூப் பொடியைப் பாக்கெட்டில் போட்டது. 1954 வாக்கில் கலிஃபோர்னியாவில் யாரோ அதைப் புளித்த க்ரீமில் கொட்டிக் கலக்கினார்கள். 1958இல் செய்முறை பாக்கெட்டிலேயே ஏறிவிட்டது. கலக்கியவர் பெயர் ஏறவில்லை.

அதே ஆண்டுகளில் பாட்டி குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். வெயில் ஏறினால் பால் ஓடாது. அதனால் விடியுமுன்னே பெரட்டு. "வெங்காயத்த எங்கடா வதக்குறது? பச்சையா கடிச்சிக்கிட்டு கஞ்சியக் குடிச்சிட்டு ஓடுவோம்." கடித்தது இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த வெங்காயம். 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியபோது நான் ஹாலந்து வெங்காயத்துக்கு மாறினேன். பாட்டி மாறவில்லை. அது இனிக்கிறதாம்.

இந்தக் கலவைக்கு அந்த இனிப்புதான் வேண்டும். கிண்ணத்தை நீட்டினேன். விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. கேஸு எவ்ளோ போச்சு?"