உங்கள் வீடு போல நுழையுங்கள்!

டிசம்பர் மாதத்து ராத்திரி. நல்ல தூக்கம். திடீரென்று தெருவில் கிதார், டிரம்ஸ், கைத்தட்டல்! அலறியடித்து ஜன்னலைத் திறந்தால், ஒரு வேன், பத்திருபது பேர், பஞ்சுத் தாடியோடு ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. 'கேரல் ரவுண்ட்ஸ்' வந்திருக்கிறார்கள்!

சர்ச் பாடகர் குழுவில் (அவர்கள் பாஷையில் 'கொயர்') இருப்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கதை கதையாகச் சொல்வார். முதல் நாள் ஒத்திகையில் சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பேஸ் என்று குரலைப் பார்த்துப் பிரிப்பார்கள். நாலிலும் சேராத குரலா? "தம்பி, நீ டேம்பரின் தட்டுப்பா!" தாளமும் நிற்கவில்லையா? "சரி, ஸ்பீக்கர் பாக்ஸைத் தூக்கு!" ஏதோ ஒரு வேலை கிடைத்துவிடும். அந்தக் கும்பலோடு சேர்ந்து நிற்பதே ஒரு சந்தோஷம்.

கொயர் என்கிற பெயர் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். ஆனால் வாத்தியங்களை மூட்டை கட்டிக்கொண்டு கூட்டமாகப் போய்ப் பாடுவது நம்மூரில் ரொம்பப் பழைய வழக்கம். அதைப் பார்க்க நீங்கள் செங்கத்துக்கு வரவேண்டும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில், செய்யாற்றங்கரையில் இருக்கிற செங்கம்தான் சங்க காலத்துச் 'செங்கண்மா'. நன்னன் என்கிற தலைவனின் ஊர். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் அவனைப் பற்றியது. 583 அடிகள். பாடியவர் பெருங்கௌசிகனார். நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு கூத்தர், எதிரே வரும் இன்னொரு குழுவுக்கு வழி சொல்கிறார். அவ்வளவுதான் கதை!

அந்தக் குழுவைப் பாருங்கள். முழவு, கொம்பு, குழல், யாழ் என்று எல்லாவற்றையும் பைகளில் போட்டு, பலாக்காய்க் கொத்து மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு மலை ஏறுகிறார்கள். கூட வரும் விறலியரின் பாதங்கள் கல்லில் பட்டுப் பட்டு, இளைத்துப்போன நாயின் நாக்கைப் போலச் சிவந்துவிட்டனவாம். விடிய விடியக் கேரல் ரவுண்ட்ஸ் போனவர்களுக்கு இந்த உவமை நன்றாகப் புரியும்!

வழிகாட்டி சொல்லும் எச்சரிக்கைகளும் ருசிகரமானவை. தினைப்புனத்தில் யானையை விரட்டக் கவண் கல் வீசுவார்கள், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிப் போங்கள். பாதை பிரியும் இடத்தில், பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்படி புல்லை முடிந்து வையுங்கள். மலைவாசிகளின் ஊர் வந்ததும், 'நாங்கள் நன்னனின் கூத்தர்கள்' என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, உங்கள் சொந்த வீடு போலத் தயங்காமல் உள்ளே நுழையுங்கள். சாப்பாடு நிச்சயம்!

பாட்டுக்காரர்களுக்கு வாசலில் விசாரணை கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பல நூற்றாண்டுகள் தாண்டித் தரங்கம்பாடிக்குப் போவோம்.

1706-ல் அங்கே வந்து இறங்கிய சீகன்பால்கும் அவர் வழிவந்தவர்களும் ஜெர்மன் மெட்டுகளில் தமிழ்ச் சொற்களைப் பொருத்தி 'ஞானப்பாட்டு' உண்டாக்கினார்கள். பாவம், மெட்டுக்குத் தமிழின் குறில் நெடில் தெரியுமா? குறில் வரும் இடத்தில் ராகம் நீண்டுவிட்டால், 'மலை' என்று பாடுவது 'மாலை' என்று காதில் விழும்!

இதற்கு மாற்றாக, நம் ராக தாளங்களில் கீர்த்தனைகளைக் கொட்டியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் மாணவர், சரபோஜி மன்னரின் நண்பர். 'பெத்லகேம் குறவஞ்சி' அவர் எழுதியதுதான்.

அவருக்குச் சோதனை வந்தது பின்னால் வந்த மிஷனரிகளிடமிருந்து. தமிழ்ப் பாட்டும் இசையும் ஆராதனைக்கு வேண்டாம் என்றார்கள். கொதித்துப்போன சாஸ்திரியார், 1829-ல், தங்களுக்கு இழைக்கப்பட்ட நாலு கொடுமைகளைப் பட்டியல் போட்டார். வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது, பண்டிகைகளில் பூவைத் தடுத்தது, தமிழ்ப் பாட்டை விலக்கியது - இந்த மூன்றையும் படிக்கும்போது நாமும் அவர் பக்கம்தான் நிற்போம்.

மிச்சமுள்ள ஒன்று? சாதிகளை ஒன்றாகக் கலக்கச் சொன்னது!

ஆமாம். சர்ச்சுக்குள் வேளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், தலித் கிறிஸ்தவர்கள் இன்னொரு பக்கம் என்று உட்கார்ந்த காலம் அது. சாதி என்பது உலக வழக்கம், அதில் கை வைக்காதீர்கள் என்பது வேளாளரான சாஸ்திரியாரின் கட்சி. விசித்திரத்தைப் பாருங்கள்... தமிழ்ப் பாட்டைத் துரத்தியவர்கள் சமமாக உட்காரச் சொன்னார்கள். தமிழ்ப் பாட்டைக் காப்பாற்றியவர் தனித்தனியாகத்தான் உட்காருவோம் என்றார்! வரலாறு நமக்கு முழு நல்லவர், முழு கெட்டவர் என்று பிரித்துக் கொடுப்பதே இல்லை.

சாதி வேற்றுமையைக் கைவிடச் சொல்லி 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் உத்தரவு போட்டார். பாட்டுக்கும் விடிவு வந்தது. அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தமிழ்க் கீர்த்தனைகளைத் தேடித் தொகுத்து 1853-ல் வெளியிட்டார். அதில் பல சாஸ்திரியாருடையவை. 1864-ல் அவர் கண்மூடுமுன், விரட்டப்பட்ட பாட்டு சர்ச்சுக்குள் திரும்பி வந்துவிட்டது. அவர் தமக்குப் பின்னால் வருகிறவர்களுக்காக முடிந்து வைத்த புல் அது.

உத்தரவு போட்டதால் சாதி அடியோடு ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால் அந்தக் கீர்த்தனைகளை இன்று பாடும் கொயரில், வரிசை பிரிப்பது குரலை வைத்துத்தான். சோப்ரானோ பக்கத்தில் யார் நிற்பது என்பதைத் தொண்டைதான் தீர்மானிக்கிறது! அது அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் நம் ஆசையும்.

அடுத்த முறை நடுராத்திரியில் தெருவில் டிரம்ஸ் கேட்டால் கோபப்படாதீர்கள். கதவைத் திறந்து, "வாங்க, உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்று சொல்லுங்கள். செங்கத்து மலையில் என்றைக்கோ சொன்னதுதானே!