கூரை நம்மது, நெருப்பு யாருது?

மன்னார்குடியிலேர்ந்து அப்பா போன். மொட்டை மாடியில ஷீட் போடப் போறாராம். வெல்டர் வந்து அளவெல்லாம் எடுத்துட்டுப் போயாச்சு. நகராட்சியில கேட்டீங்களான்னேன். "நம்ம வீட்டு மேல நாம கூரை போடறதுக்கு எவன்கிட்டடா அனுமதி கேக்கணும்?"

சட்டுனு பதில் வரலை. ஆபீஸ்ல பில்டு ஓடி முடியற நேரத்துல படிக்க ஆரம்பிச்சேன், அது என்னை 1212க்கு இழுத்துட்டுப் போயிடுச்சு. கொஞ்சம் பொறுமையாப் படிங்க மக்களே.

1212 ஜூலையில லண்டன்ல பெரிய தீ. தேம்ஸ் நதிக்குத் தெற்கே சதர்க்ல ஆரம்பிச்சு, லண்டன் பாலத்து மேலயும் பரவி, ஏகப்பட்ட உயிர்ச்சேதம். உடனே நகர சபை விதி போட்டது. இனிமே வீடு கட்டறவங்க நாணல், கோரை, வைக்கோல் எதையும் அப்படியே வேயக் கூடாது. ஓடு போடலாம், மரப்பலகை போடலாம், வசதி இருந்தா ஈயத் தகடு. வைக்கோல்தான் வேணும்னா மேல சாந்து பூசணும். ஏற்கெனவே ஓலை வேய்ஞ்ச வீட்டுக்காரர்களுக்கு? எட்டு நாள் டைம். அதுக்குள்ள சாந்து பூசலைன்னா அந்த வட்டாரத்து ஆல்டர்மேன் (நம்ம கவுன்சிலர் மாதிரின்னு வச்சுக்கங்க) வீட்டை இடிச்சுடுவார்.

இதே விதியில இன்னொரு வரி உண்டு. தேம்ஸ் கரையோர சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் உள்ளேயும் வெளியேயும் சாந்து பூசி வெள்ளையடிக்கணும். அடுப்பு எரியற இடத்தையும் கூரையையும் ஒரே உத்தரவுல சேர்த்துப் பார்த்திருக்காங்க. இதை ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வரும்.

விதி நகர எல்லைக்குள்ளதான் செல்லும். ஷேக்ஸ்பியர் குழுவோட க்ளோப் நாடகக் கொட்டகை எல்லைக்கு வெளியே இருந்தது, ஓலைக் கூரை. 1613 ஜூன் 29, 'எட்டாம் ஹென்றி' நாடகத்துல எஃபெக்டுக்காக பீரங்கி வெடிச்சாங்க. கூரை பத்திக்கிட்டு மொத்தமும் காலி. ஒருத்தர் கால்சட்டையில தீப்பிடிச்சு, பக்கத்துல இருந்த பீரை ஊத்தி அணைச்சதாப் பதிவு இருக்கு, நல்ல வேளை குடிச்சு முடிக்கலை :-) அடுத்த வருஷம் திரும்பக் கட்டினப்போ கூரை ஓடாயிடுச்சு. 1997ல அதே பாணியில புது க்ளோப் திறந்தாங்க. 1666 பெருந்தீக்கு அப்புறம் லண்டன்ல அனுமதி வாங்கின முதல் ஓலைக் கூரை அது. கூரை மேல தண்ணி தெளிக்கற ஸ்பிரிங்க்ளர் வச்சப்புறம்தான் ஓகே சொன்னாங்க.

அந்த 1666 கதை தெரிஞ்சதுதான். செப்டம்பர் 2, புட்டிங் லேன் ரொட்டிக் கடை, சுமார் 13,200 வீடு சாம்பல். கூரையை மாத்தியும் சுவரெல்லாம் மரம்னா என்ன பண்றது? 1667ல புதுச் சட்டம். செங்கல் அல்லது கல். வீடுகளை நாலு வகையாப் பிரிச்சு, எத்தனை மாடி, சுவர் எவ்வளவு கனம்னு எல்லாமே சட்டத்துல. வீடு கட்டணும்னா முதல்ல நகரக் கருவூலத்துல 6 ஷில்லிங் 8 பென்ஸ் கட்டணும். ரசீதை எடுத்துட்டு சர்வேயரைப் பார்க்கணும். அவர் நேர்ல வந்து முளையடிச்சு அஸ்திவாரம் காட்டினப்புறம்தான் கடப்பாரையைத் தொடலாம்.

அந்த சர்வேயர்கள்ல ஒருத்தர் யார் தெரியுமா? ராபர்ட் ஹூக்! முதல் வருஷ இன்ஜினியரிங்ல ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டு நம்ம உயிரை வாங்கின அதே ஹூக்ஸ் லா ஹூக். மைக்ராஸ்கோப் வச்சு 'மைக்ரோகிராஃபியா' எழுதின ஆள், கையில முளையோட தெருத்தெருவா அலைஞ்சிருக்கார். சுவர் அடுத்தவன் இடத்துல ஏறியிருக்கு, ஜன்னலை மறைக்குதுன்னு வர்ற பஞ்சாயத்தும் அவர்கிட்டதான். நான் மார்க்குக்காக மனப்பாடம் பண்ணின விஞ்ஞானிகள்ல இவர் மேல மட்டும்தான் இப்போ பாசம் வந்திருக்கு.

1707ல இன்னொரு சட்டம். கூரை ஓரத்துல மரத்துல செய்யற கார்னிஸுக்குத் தடை, ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருக்கற பொதுச்சுவர் கூரைக்கு மேலயும் நீட்டிட்டு நிக்கணும். பழைய லண்டன் தெருப் படங்கள்ல கூரையே தெரியாம கைப்பிடிச் சுவர் மறைச்சிருக்கும் பாருங்க, அந்த அழகுக்குப் பின்னால பக்கத்து வீட்டுத் தீ இருக்கு.

சரி, கும்பகோணம்.

2004 ஜூலை 16. நான் அப்போ ரெண்டாம் கிளாஸ். சத்துணவு அடுப்புலேர்ந்து தீ மேல ஏறி கீத்துக் கொட்டகையைப் பிடிச்சது. 94 குழந்தைங்க. எல்லாரும் கிட்டத்தட்ட என் வயசு. அடுப்பு, மேல ஓலை. 1212ல லண்டன்காரன் ஒரே உத்தரவுல எழுதின அதே ரெண்டு விஷயம். எங்க ஸ்கூல்லயும் கீத்துக் கொட்டகை இருந்தது. அரசு உத்தரவு வந்து, கொஞ்ச நாள்ல பிரிச்சுட்டாங்க. வெயில்ல உட்கார வேண்டியிருக்கேன்னு நாங்க முணுமுணுத்தது ஞாபகம் இருக்கு. ஏன் பிரிச்சாங்கன்னு யாரும் எங்களுக்குச் சொல்லலை. 2009ல உச்ச நீதிமன்றம் அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்குல, பாதுகாப்பான பள்ளிக் கட்டடமும் கல்வி உரிமையோட ஒரு பகுதின்னு சொன்னது. தஞ்சாவூர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2014 ஆச்சு.

லண்டன்ல எட்டு நாள் கெடு கொடுத்தவங்களும் தீக்கு அப்புறம்தான் கொடுத்தாங்க. அதுல நம்மளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா அந்தக் கொட்டகையை அதுக்கு முன்னாடி பார்த்தும் பார்க்காமப் போன கண்கள் எத்தனைன்னு நினைச்சா வயிறு கலங்குது.

இதெல்லாம் அப்பாகிட்ட சொன்னேன். முழுசாக் கேட்டார். "நான் போடறது தகரம்டா. எப்படிப் பத்தும்?"

பத்தாது. பறக்கும். 2018 நவம்பர்ல கஜா அடிச்ச அன்னிக்கு எதிர்வீட்டு ஷீட் நம்ம வாசல்லதானே வந்து விழுந்ததுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அப்புறம், "வெல்டர்கிட்ட போல்ட் எத்தனை போடறான்னு கேக்கறேன்"ன்னார். நகராட்சியைப் பத்தி இன்னும் வாயே திறக்கலை. அடுத்த வாரம் ஊருக்குப் போறேன், நேர்ல பேசிக்கணும்.