ஏடு பெயர்த்த ஊர்

குத்தாலத்தில் அரிசி ஆலைகளுக்கும் உரக்கடைகளுக்கும் கணினி பார்த்துக் கொடுப்பது என் தொழில். போன மாதம் ஓர் ஆலையில் கணக்குகள் இருக்கும் சர்வரை மாற்ற வேண்டி வந்தது. இசட்.எஃப்.எஸ். என்ற கோப்புச் சேமிப்பு முறையில் வைக்கலாம் என்றேன். ஆலைக்கார அண்ணன் அந்தப் பேரையே கேட்டதில்லை. “பத்து வருஷக் கணக்குப்பா. ஊர் பேர் தெரியாததுல எப்படி நம்பி வைக்கிறது?” என்றார். நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்துக்கு அது புதுக் கேள்வியும் அல்ல.

இங்கிருந்து மேற்கே, ஆடுதுறை போகிற வழியில் திருவாவடுதுறை. அங்குள்ள சைவ ஆதீனம் தலைமுறை தலைமுறையாகச் சுவடி சேர்த்த இடம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்த ஆதீனத்து வித்துவான். அவரிடம் பாடம் கேட்டவர் உ.வே.சாமிநாதையர். பனையோலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, எழுத்து தெரிய மையாடி, துளையில் கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டுவார்கள். என்ன செய்தாலும் பூச்சி அரிக்கும், ஈரம் ஏறும். ஓலை நைவதற்குள் புது ஓலையில் பெயர்த்தெழுதிவிட்டு, பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவது வழக்கம். நாளடைவில் பெயர்த்தெழுதுவது நின்றது. ஆற்றில் விடுவது மட்டும் நிற்கவில்லை. அப்படிப் போன ஏடுகளைப் பற்றிச் சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திர’த்தில் படித்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பெயர்த்தெழுதினாலும் ஆபத்து தீராது. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். ஒருவர் ஓரிடத்தில் மயங்கினால் அடுத்த ஏடும் அதற்கடுத்த ஏடும் அந்தப் பிழையையே சுமக்கும். ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்று பழமொழியே உண்டு. அந்த நோவு எனக்குத் தெரியும். சில வருஷம் முன்பு ஒரு கடையில் ஹார்ட் டிஸ்க் சத்தமில்லாமல் சில கோப்புகளைக் கெடுத்துவிட்டது. நான் இரவு தவறாமல் பேக்கப் எடுத்தேன், கெட்டதையே எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷத்துக் கடன் பாக்கிப் பேரேடு மீளவே இல்லை.

பிறகு அச்சு வந்தது. 1849இல் யாழ்ப்பாணத்து ஆறுமுகர் அச்சு எந்திரம் வாங்கத் தமிழகம் வந்தார். அந்தப் பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ பட்டம் தந்தது. சுவடி காத்த மடம், அச்சு வாங்க வந்தவரைப் பட்டம் கொடுத்து அனுப்பியதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. நாவலர் பதிப்பு என்றால் பிழை இராது என்ற பேர் அவர் ஒப்புநோக்கித் திருத்தியதால் வந்தது. எந்திரம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரிக்கு வந்தார். அங்கே முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் தூண்டியதால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். ஊர் ஊராகப் பிரதி தேடி, பாடபேதம் குறித்து, 1887இல் அச்சேற்றினார். அச்சாயிற்றே என்று ஓலைகளை விட்டுவிடவில்லை. அவர் சேர்த்த சுவடிகள் சென்னை பெசன்ட் நகரில் அவர் பேரிலான நூல்நிலையத்தில் இருக்கின்றன.

அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லி, புது முறையின் கதையையும் சொன்னேன். இசட்.எஃப்.எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பிறந்தது; 2005இல் அதன் மூலநிரல் வெளியாகிப் பலர் கைக்குப் போனது. தகவலின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை வேறிடத்தில் எழுதி வைக்கும். படிக்கும்போதெல்லாம் ஒப்புநோக்கும். ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கில் வைத்திருந்தால், ஒன்றில் பிசகு தெரிந்ததும் மற்றதிலுள்ள நல்ல பிரதியைக் கொண்டு திருத்தும்.

சொன்னால் போதுமா? சோதனைக்குப் பழைய கணக்கின் நகலை ஏற்றி, இரண்டு டிஸ்க்கில் ஒன்றின் மேல் வேண்டுமென்றே குப்பையை எழுதினேன். சரிபார்க்கச் சொன்னேன். கெட்ட இடங்களை எண்ணிக் காட்டித் திருத்தியது. அண்ணன் தாமே பேரேட்டைத் திறந்து, கையெழுத்து நோட்டை மடியில் வைத்து, ஒரு பக்கம் முழுக்க விரல் ஓட்டிப் பார்த்தார். “சரியா இருக்குப்பா” என்றார்.

குறுவைக் கணக்கைப் புதியதில் போடுகிறோம். சம்பா முடியும்வரை பழைய பெட்டியும் ஓடும். வாரம் ஒருமுறை இரண்டையும் ஒப்பிடுகிறேன். மூன்றாவது பிரதி மயிலாடுதுறையில் அவர் மகள் வீட்டு பீரோவில் இருக்கிறது.