'டேக்' என்னும் சிறுசொல்



மொழியின் வரலாறு என்றவுடன் பேரிலக்கியங்களும் இலக்கண நூல்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், ஒரு மக்கட் கூட்டத்தின் ஆயிரமாண்டுச் சரித்திரம் சில வேளைகளில் ஒரு சிறு வினைச்சொல்லினுள்ளே அடங்கிக் கிடப்பதுண்டு. ஆங்கிலத்தில் வழங்கும் 'டேக்' என்பது அத்தகையதொரு சொல். அதன் வரலாற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு மாணாக்கன்.

நான் ஆசிரியத் தொழிலுக்குப் புதியவனாய் இருந்த காலம் அது. 'டேக்' என்பதற்கு ஒத்தசொற்கள் எனச் 'சீஸ்', 'கட்ச்', 'ரிசீவ்', 'அக்செப்ட்', 'கப்சர்' ஆகியவற்றைக் கரும்பலகையில் எழுதி, மனனஞ் செய்து வருமாறு வகுப்பைப் பணித்தேன். மறுநாள் வாக்கியம் அமைக்கச் சொன்னேன். சுகவீனமுற்ற தம்பியை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றதை எழுத முயன்ற ஒரு பையன், எளிய சொல்லை விடுத்துச் 'சீஸ்' என்பதை ஆண்டுவிட்டான். தம்பியை அவன் கள்வனைப் போலப் பற்றிப் பிடித்ததாக அது பொருள்பட்டது. வகுப்பு நகைத்தது, நானும் நகைத்தேன். அன்றுமுதல் அப்பையன் ஆங்கில பாடவேளையில் வாய்திறக்கவில்லை. தவறு அவனுடையதன்று, பட்டியலை மட்டும் கொடுத்த என்னுடையதே என்பதை உணர எனக்குச் சில கிழமைகள் சென்றன.

'டேக்' பிறப்பால் ஆங்கிலச் சொல்லே அன்று. பழைய ஆங்கிலத்தில் எடுத்தல், கொள்ளுதல் என்னும் பொருளை உணர்த்திய சொல் 'நிமன்' என்பதாகும். அதன் உறவுச்சொல்லாகிய 'நேமென்' ஜெர்மன் மொழியில் இன்றும் அன்றாட வழக்கில் உள்ளது. அங்ஙனமாயின் ஆங்கிலேயர் தம் சொந்தச் சொல்லை ஏன் இழந்தனர்?

கி.பி. 793ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் வடகீழ்க் கரையை அடுத்துள்ள லிண்டிஸ்பார்ன் என்னுந் தீவின் துறவிமடத்தை வடகடலோடிகளாகிய வைக்கிங்குகள் சூறையாடினர். 865இல் அவர்தம் பெரும்படை வந்திறங்கியது. 878இல் எடிங்டன் என்னுமிடத்தில் அல்பிரட் மன்னன் அவர்களை வென்றான். எனினும் நாட்டினின்றும் துரத்தினான் அல்லன். இங்கிலாந்தின் வடக்கும் கிழக்கும் அவர்கள் குடியேறிய நிலமாயின. டார்பி, விட்பி, கிரிம்ஸ்பி முதலிய ஊர்ப்பெயர்களின் ஈற்றிலுள்ள 'பி' அவர்கள் மொழியில் ஊரைக் குறிக்கும் சொல்லே.

கொள்ளையிட வந்தோர் உழவராயினர், பகைவர் அயலவராயினர். வந்தோர் பேசிய நோர்ஸ் மொழியும் இருந்தோர் பேசிய பழைய ஆங்கிலமும் ஒருதாய் வயிற்று மொழிகள்; ஆகையால், ஒருவர் பேச்சை மற்றவர் ஓரளவு விளங்கிக்கொள்ள முடிந்தது. வேலி ஓரத்திலும் சந்தையிலும் அடுக்களையிலும் சொற்கள் கைமாறின. முட்டைக்கு 'எக்', வானத்துக்கு 'ஸ்கை', சாளரத்துக்கு 'விண்டோ', கணவனுக்கு 'ஹஸ்பன்ட்' என ஆங்கிலேயர் இன்று கூறுவனவெல்லாம் வடவர் தந்தவை. 'அவர்கள்' என்பதைக் குறிக்கும் 'தே' என்னும் சுட்டுப்பெயரும் அவ்வாறு வந்ததே. நோர்ஸ் மொழியின் 'தக்க' என்னும் வினையும் இவ்வாறே நுழைந்து, பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில எழுத்திலே தலைகாட்டி, பின்னர் 'டேக்' ஆயிற்று.

பழைய 'நிமன்' உடனே மறையவில்லை. சில நூற்றாண்டுகள் புதியதனோடு அருகருகே வாழ்ந்து மெல்லத் தேய்ந்தது. ஈற்றில் 'நிம்' எனக் குறுகிக் களவெடுத்தலைக் குறிக்கும் இழிவழக்காயிற்று. சேக்சுபியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் நிம் என்னும் பெயருடைய போர்வீரன் ஒருவன் வருகின்றான், களவுக்காகத் தூக்கிலிடப்படுகின்றான். அந்நாளைய பார்வையாளருக்கு அப்பெயரே அவன் குணத்தைக் கூறியிருக்கும். விரைவும் சுறுசுறுப்பும் உடையவனைக் குறிக்கும் 'நிம்பிள்', மரத்துப்போதலைக் குறிக்கும் 'நம்' ஆகிய சொற்களிலே அப்பழஞ்சொல்லின் சுவடு இன்றும் உண்டு. முன்னது, எட்டி எடுப்பதில் வல்லவன். பின்னது, உணர்வு எடுபட்ட உறுப்பு.

இனி ஒத்தசொற்களின் கதைக்கு வருவோம். 1066ஆம் ஆண்டிலே நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். இவர்கள் குடியானவராக வந்தோர் அல்லர். அரசராகவும் நீதிபதிகளாகவும் நிலக்கிழாராகவும் வந்தோர். அவர்தம் பிரெஞ்சு மொழி அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் ஒலித்தது. 'சீஸ்' என்பது நிலவுடைமை பற்றிய சட்டமொழியோடு வந்த சொல். அதிகாரத்தின் கை அதிலே தெரியும். 'ரிசீவ்', 'அக்செப்ட்', 'கட்ச்', 'கப்சர்' ஆகிய நான்கும் இலத்தீன் மொழியிலே எடுத்தலைக் குறிக்கும் 'கப்பெரே' என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஒரே வேர் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வாயில்களால் நுழைந்து, பெற்றுக்கொள்ளலையும், இசைந்து ஏற்றலையும், ஓடுவதைப் பிடித்தலையும், சிறைப்படுத்தலையும் தனித்தனியே குறிக்கலாயிற்று. அகராதியில் ஒரு வரிசையில் நிற்கும் இச்சொற்கள் வாழ்க்கையிலே வெவ்வேறு மனைகளிற் பிறந்தவை. இவ்வுண்மையைத்தான் என் பட்டியல் அம்மாணாக்கனுக்குச் சொல்லத் தவறியது.

உயர்மனைச் சொற்கள் இத்தனை வந்தும் 'டேக்' தன் இடத்தை இழக்கவில்லை. தொடுதல் என்பதே அதன் தொல்பொருள் என்பர் சொல்லாராய்ச்சியாளர். தொட்ட கை பற்றியது, பற்றியதை எடுத்தது, எடுத்ததைச் சுமந்தது, உடனழைத்துச் சென்றது. மருந்து உட்கொள்வதற்கும், ஒரு வேலைக்கு நேரம் செல்வதற்கும், பிறர் கூற்றை இன்னவாறு விளங்கிக்கொள்வதற்கும், ஒளிப்படம் எடுப்பதற்கும் அச்சொல்லே வந்து உதவிற்று. 'ஆஃப்' என்னும் சிறுதுணை சேர்ந்தால் தொப்பியைக் கழற்றலாம், விமானம் மேலெழலாம். 'இன்' சேர்ந்தால் வீடற்றவனுக்கு இடமளிக்கலாம். ஒருவனை ஏமாற்றவுஞ் செய்யலாம்.

1755இல் தமது பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், இச்சொல் ஒன்றுக்கு மாத்திரம் 134 பொருள்களை வகுத்து ஐந்து பக்கங்களை ஒதுக்கினார். இத்தகைய எளிய வினைகள் தம் உழைப்பைப் பெரிதும் கூட்டின என அவர் முன்னுரையிலே முறையிட்டுள்ளார். 1852இல், பீட்டர் மார்க் ரொஜே என்னும் மருத்துவர் தமது 73ஆம் வயதில், சொற்களை அகரவரிசையில் அன்றிக் கருத்துவரிசையில் அடுக்கி ஒரு சொற்களஞ்சியத்தை அச்சேற்றினார். சொல்லை முன்னரே அறிந்து, அது நாவில் வராது தவிப்பவனுக்கு அந்நூல் பேருதவி. சொல்லை அறியாதவனோ அதிலுள்ள அடுக்கை அப்படியே மாற்றுச்சொற்கள் எனக் கொண்டால் ஏமாந்து போவான். அப்பையனுக்கு நேர்ந்தது அதுவே.

இவற்றையெல்லாம் ஓரளவு கற்றபின், ஒருநாள் அவ்வகுப்பிலே 'டேக்' என்னும் சொல்லை மாத்திரம் பலகையில் எழுதி, அது வரும் வாக்கியங்கள் சிலவற்றைக் கூறி, ஒவ்வொன்றையும் தமிழிலே சொல்லுமாறு கேட்டேன். 'எடுத்துக்கொண்டான்' என்றான் ஒருவன். 'ஏற்றுக்கொண்டான்', 'பிடித்துக்கொண்டான்', 'உட்கொண்டான்' என்றனர் ஏனையோர். தம்பியை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற வாக்கியம் வந்தபோது வகுப்பு அமைதியாயிருந்தது. பின்வரிசையிலிருந்து நெடுநாளாகக் கேளாத குரல் ஒன்று எழுந்தது: "கூட்டிக்கொண்டு போனான், சேர்."

விடைகளைப் பலகையில் எழுதியபின் அவற்றின் கீழ்க் கோடிட்டேன். ஐந்திலும் 'கொள்' என்னும் நம் சிறுவினை இருந்தது. அதன் பொருள்களையும் எண்ணிப் பார்ப்போமா என்று கேட்டேன். முதலில் கையுயர்த்தியவன் அவனே.