பசியை அடக்க வந்த மாத்திரை

1960-களில் பிரான்சில் விற்பனைக்கு வந்தது ஃபென்ஃப்ளூரமின். 1973-இல் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தது. அதுவரை பசியை அடக்கக் கிடைத்தவை பெரும்பாலும் ஆம்ஃபெட்டமின் வகை மாத்திரைகள்தான். அவை பசியோடு தூக்கத்தையும் விரட்டிவிடும். இதுவோ பலருக்குத் தூக்கத்தையே வரவழைத்தது. சாப்பிட உட்கார்ந்தால் சீக்கிரமே போதும் என்று தோன்றியது.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. நரம்பு முனைகளில் சேர்ந்திருக்கும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை இந்த மருந்து வெளியே கொட்டச் செய்கிறது. செரட்டோனினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் 14 வகை உண்டு. பசி விஷயத்தில் முக்கியமானது 2சி. அந்த ஏற்பி இல்லாமல் ஆய்வகத்தில் உருவாக்கிய எலிகள் அளவுக்கு மீறித் தின்று கொழுத்தன, அவற்றுக்கு வலிப்பும் வந்தது என்று 1995-இல் ஓர் ஆய்வு காட்டியது. மூளையில் ஹைப்போதலாமஸின் அடிப்பகுதியில் உள்ள சில நரம்பணுக்களின் மேல் 2சி இருக்கிறது. அதைத் தூண்டினால் வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தி கிளம்புகிறது.

இதெல்லாம் தெளிவாகும் முன்பே மாத்திரை புகழ் பெற்றுவிட்டது. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் வெய்ன்ட்ராப், இதையும் இன்னொரு பசியடக்கி மாத்திரையான ஃபென்டர்மினையும் சேர்த்து 121 பேரிடம் நடத்திய சோதனையை 1992-இல் வெளியிட்டார். எடை குறைந்திருந்தது. ‘ஃபென்-ஃபென்’ என்ற பெயரில் லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் இந்த ஜோடியை விழுங்கினார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்க அரசு அனுமதி இருந்ததே இல்லை. அவ்வளவு பேருக்கு அதைக் கொடுத்தது பெரும் தவறு என்றே நினைக்கிறேன்.

வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்தவர்கள் கண்ணில்தான் அதன் விளைவு முதலில் பட்டது. 1997 ஜூலையில் மேயோ கிளினிக் மருத்துவர்களும் அவர்களும் சேர்ந்து, இந்த ஜோடியைச் சாப்பிட்ட 24 பெண்களைப் பற்றி அறிவித்தார்கள். சராசரி வயது 44. இதய வால்வின் இதழ்கள் தடித்து, ஒன்றோடொன்று சேராமல் நின்றன; ரத்தம் பின்னால் கசிந்தது. அறுவை சிகிச்சையில் பார்த்தபோது அவை வெள்ளையாக மினுங்கின. மருத்துவர்களுக்கு இது முன்பே பழக்கமான கோலம்: செரட்டோனினை அள்ளிச் சுரக்கும் கார்சினாய்டு கட்டி உள்ளவர்களின் வால்வும் இப்படித்தான் ஆகும். செப்டம்பரில் ஃபென்ஃப்ளூரமின் சந்தையிலிருந்து போனது.

உடலுக்குள் அது நார்ஃபென்ஃப்ளூரமினாக மாறி, இதய வால்வில் இருக்கும் 2பி ஏற்பியைத் தூண்டிவிடுகிறது என்று 2000-இல் தெரிந்தது. 2பியும் 2சியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றுக்குப் பொருந்தும் மூலக்கூறு மற்றதற்கும் எளிதில் பொருந்திவிடுகிறது. 2சியை மட்டும் குறிவைத்து லோர்காசெரின் என்ற எடைக்குறைப்பு மருந்து வந்தது, 2012-இல் அனுமதியும் பெற்றது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதால் 2020 பிப்ரவரியில் அதுவும் நின்றது.

அதே 2020 ஜூனில் ஃபென்ஃப்ளூரமின் திரும்பி வந்தது, இம்முறை டிராவெட் என்னும் கடுமையான வலிப்பு நோய் உள்ள குழந்தைகளுக்கு. பெல்ஜியத்தில் சில மருத்துவர்கள் இந்த நோயாளிகளின் ஒரு சிறு குழுவுக்கு அதை விடாமல் கொடுத்து வந்ததால்தான் இது நடந்தது. பழைய அளவைவிடக் குறைவாகவே தருகிறார்கள். அனுமதி தந்தபோது ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோ கட்டாயமாக்கப்பட்டது. பிள்ளைகள் சரியாகச் சாப்பிடுகிறார்களா, எடை குறைகிறதா என்றும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.